அடிபட்ட பழைய மரம்: காப்பாற்றுவதா, அப்படியே விடுவதா?

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். “அண்ணே, குளத்தங்கரை ஆலமரம் பாதி ஒடிஞ்சு கிடக்கு. ரம்பத்தோட ஆளு வந்து நிக்கிறாங்க. என்ன சொல்றது?” கேட்கிறவருக்கு மரத்தைக் காப்பாற்ற ஆசை, எப்படி என்று தெரியாது. எதிரே நிற்கிறவர்களுக்கு விறகின் விலை தெரியும். அந்த அரை மணி நேரத்தில் நூறு வருஷ மரத்தின் கதை முடிந்துவிடும்.

அந்த அரை மணி நேரத்தில் தடுமாறாமல் இருக்க வேண்டுமானால் சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடிபட்ட பழைய மரங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை தேவையில்லை. அவற்றைச் சுற்றி நாம் செய்துவைத்திருப்பவற்றை விலக்கினாலே போதும்.

முதல் வேலை: மரத்தைப் பார்க்காதீர்கள், அடியில் பாருங்கள்

மரம் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அது விழுந்தால் யார் மேல் விழும் என்பதுதான் முதல் கேள்வி. தரிசு நிலத்தின் நடுவில் நிற்கும் பொந்து விழுந்த புளியமரத்தால் யாருக்கும் ஆபத்தில்லை. அதே மரம் பள்ளிக்கூட வாசலில் நின்றால் கதையே வேறு.

சரி, அடியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். உடனே மரத்தை அகற்றத்தான் வேண்டுமா? மரத்தால் நகர முடியாது, பெஞ்சால் முடியும். டீக்கடையின் பந்தலையும் ஆட்டோ நிறுத்தத்தையும் இருபது அடி தள்ளிப் போட முடியும். நான்கு கல்தூண் நட்டுக் கம்பி கட்டி “அடியில் நிற்க வேண்டாம்” என்று எழுதிவைத்துத் தப்பித்த மரங்கள் உண்டு. ஊர்க் கூட்டத்தில் இதைச் சொன்னால் முதலில் முகம் சுளிப்பார்கள். செலவைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பெரிய மரத்தை அறுத்து அகற்றும் கூலியோடு ஒப்பிட்டால் பெஞ்சை நகர்த்துவது ஒன்றுமே இல்லை.

மின்கம்பி உரசிக்கொண்டிருந்தால் மட்டும் எதையும் தொடாதீர்கள். கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, ஈரக் கிளையைத் தூக்கவும் கூடாது. மின்வாரியத்து ஆட்கள் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

இரண்டாவது: மரத்தைப் படித்தல்

இதற்கு ஓர் அளவுநாடா, கையடக்க மரச்சுத்தியல், ஒரு ஆணி, உங்கள் கைபேசிக் கேமரா ஆகியவை போதும்.

அடியிலிருந்து ஆரம்பியுங்கள். மரத்தைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் நடங்கள். மண் எங்காவது புதிதாக வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் மேலே தூக்கியிருக்கிறதா? அப்படி இருந்தால் வேர்ப்பிடி கழன்றுவிட்டது என்று பொருள். அதுதான் உண்மையான அபாயம். உடனே ஆட்களை விலக்குங்கள். சாய்வு மட்டும் அபாயமில்லை. பல மரங்கள் பிறந்ததிலிருந்தே சாய்ந்து வளர்ந்தவை. அவற்றின் தலைப்பகுதி வளைந்து நேராக மேல்நோக்கிப் போயிருக்கும். அடி முதல் நுனி வரை ஒரே கோடாகச் சாய்ந்து, எதிர்ப்பக்கத்து மண்ணும் வெடித்திருந்தால் அது புதுச் சாய்வு.

அடுத்து அடித்தண்டு. வேர் புறப்படும் இடத்தில் தட்டுத் தட்டாக, விசிறி போலக் காளான் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கிளையில் காளான் வந்தால் அந்தக் கிளையோடு போகும். அடியில் வந்தால் கவலைப்பட வேண்டும். மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். கெட்டியான இடம் ‘டக்’ என்று குறுகிய சத்தம் தரும். உள்ளே வெற்றிடம் இருந்தால் காலிப் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். இரண்டு மூன்று மரங்களைத் தட்டிப் பழகினால் காதுக்குத் தானே பிடிபடும்.

பொந்து இருக்கிறது என்று தெரிந்ததும் பலரும் பயந்துவிடுகிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதியான வைரம் உயிரில்லாத கட்டை. நீரும் உணவும் ஓடுவது வெளிப்பக்கத்து இளங்கட்டையிலும் பட்டையின் உட்பக்கத்திலும்தான். அதனால் நடு முழுக்கக் கூடாகிப்போன மரம் தலைநிறையத் தழைத்து நிற்க முடியும். நம் ஊர்ச் சாலையோரப் புளியமரங்கள் வயதாக ஆகப் பொந்து விழுவது வழக்கமே. அதில் புள்ளி ஆந்தையும் பச்சைக்கிளியும் மைனாவும் குடியிருக்கும். மரநாயும் உடும்பும்கூடத் தங்கும். வயதான மரத்தின் பொந்தை நோய் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

பொந்து எவ்வளவு இருந்தால் ஆபத்து? மரவியலாளர்கள் பயன்படுத்தும் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. கெட்டிச் சுவரின் தடிமன், தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருந்தால் நிற்கும். வாய்ப்பாடு தேவையில்லை, சுற்றளவை இருபதால் வகுத்தால் கிட்டத்தட்ட அதே எண் வரும். பத்தடிச் சுற்றளவுள்ள மரத்துக்கு ஆறு அங்குலக் கெட்டிச் சுவர் வேண்டும். பொந்தின் வாயோரத்தில் அளந்து பார்க்கலாம். அளப்பதற்காகத் தண்டில் துளை போடாதீர்கள். வாய் மிக அகலமாகத் திறந்திருந்தாலோ, தண்டு நெடுக விரிசல் ஓடியிருந்தாலோ இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாகத் தலைப்பகுதி. நுனிக்கிளைகள் காய்ந்து, நடுவில் தளிர் விட்டிருந்தால் மரம் சுருங்கி வாழப் பழகுகிறது. அது சாகும் அடையாளம் இல்லை. இலையே இல்லையென்றால் மாதத்தைப் பாருங்கள். வாகையும் இலவும் ஒதியனும் கோடை தொடங்கும்போது மொட்டையாகத்தான் நிற்கும். சந்தேகம் இருந்தால் சிறு கிளையின் பட்டையை ஆணியால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது.

வேம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில வருஷங்களாக மழைக்காலத்துக்குப் பின் வேப்பமரங்கள் நெருப்பில் வாட்டியதுபோல் நுனி கருகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பூஞ்சையும் தேயிலைக் கொசு எனப்படும் சாறு உறிஞ்சும் பூச்சியும் சேர்ந்து செய்யும் வேலை அது. பார்க்கப் பயமாக இருக்கும். வளர்ந்த மரங்களில் பெரும்பாலானவை சில மாதங்களில் மறுபடி தளிர்த்துவிடுகின்றன. கருகிய வேம்பை அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

மூன்றாவது: முடிவு

ஆபத்து இல்லை என்று தெரிந்தால் ஒரு வருஷம் காத்திருங்கள். ஒரு கோடை, ஒரு மழை என்று இரண்டையும் மரம் கடக்கட்டும். ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம் எடுங்கள். நினைவை நம்பாதீர்கள், போன வருஷம் எவ்வளவு தழை இருந்தது என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

ஆபத்து ஒரு கிளையிலோ ஒரு பக்கத்திலோ மட்டும் இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் கை வையுங்கள். வேர்ப்பிடி கழன்று, அடித்தண்டும் மக்கி, அடியில் இருப்பதை நகர்த்தவும் முடியாது என்றால்தான் அகற்றும் பேச்சு வர வேண்டும்.

எந்த மரம் என்பதும் முடிவை மாற்றும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்ற வெளியிலிருந்து வந்த நிழல்மரங்கள் தெருத்தெருவாகச் சாய்ந்து கிடந்தன. மேலோட்டமான வேரும் எளிதில் முறியும் கட்டையும் உள்ள குல்மோகர் பாதி பிளந்து, பேருந்து நிறுத்தத்தின் மேல் சாய்ந்திருந்தால் நானே அகற்றச் சொல்வேன். அதே காயத்தோடு ஓர் ஆலமரம் நின்றால் சொல்ல மாட்டேன். ஆலுக்கு மாற்றுக்கால்கள் உண்டு.

கொல்கத்தாவை அடுத்த ஹவுரா தாவரவியல் தோட்டத்தின் பெரிய ஆலமரம் 19ஆம் நூற்றாண்டின் இரண்டு புயல்களில் அடிபட்டு, பிறகு பூஞ்சையால் நடுத்தண்டு கெட்டது. 1925-ல் அந்தத் தாய்த்தண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் இன்றும் விழுதுகளின் மேலேயே நின்று, மூன்றரை ஏக்கருக்கும் அதிகமாகப் பரந்திருக்கிறது. சென்னையில் அடையாறு ஆலமரமும் 1989-ல் புயலில் தாய்த்தண்டை இழந்தது. சுற்றியுள்ள விழுதுத் தண்டுகள் பிழைத்துக்கொண்டன. ஆலமரத்தில் நடுத்தண்டு போனதை மரத்தின் சாவு என்று கணக்கிட வேண்டியதில்லை.

பனை, தென்னை வேறு சாதி. அவற்றுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். குருத்து போனால் மரமும் போயிற்று. தண்டில் விழுந்த வெட்டு கடைசிவரை வெட்டாகவே இருக்கும், ஆனால் குருத்து நன்றாக இருக்கும்வரை தண்டுக் காயத்தோடு பல வருஷம் நிற்கும். பனையைத் தொடும் முன் ஒன்று: அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறார்கள்.

செத்த தென்னையை மட்டும் “விட்டுவிடு” என்று நான் சொல்வதில்லை. மக்கும் தென்னைத் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி அண்டை மரங்களுக்குப் போகும். அடித்தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்து, அடியில் காளானும் வந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952 புயலுக்குப் பின் தஞ்சைப் பகுதித் தோப்புகளில் தெரியவந்ததால் அந்தப் பெயர். அப்படிப்பட்ட மரத்தை வேரோடு எடுத்துவிடுவதே மற்ற மரங்களுக்கு நல்லது.

செய்யக் கூடாதவை

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு புளியமரம் பொந்து விழுந்து நின்றது. நண்பர்கள் சேர்ந்து வசூல் செய்து, உள்ளே இருந்த மக்கையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, ஜல்லியும் சிமெண்டும் கொட்டி அடைத்தோம். மேலே பூசி மட்டம் தட்டியபோது எவ்வளவு பெருமையாக இருந்தது! மூன்றாவது மழைக்காலத்தில் மரம் சிமெண்ட் முடிந்த இடத்துக்குச் சற்று மேலே முறிந்தது. மரம் காற்றில் ஆடும், சிமெண்ட் ஆடாது. இரண்டுக்கும் நடுவில் நீர் தேங்கி, நாங்கள் மூடிவைத்த இடத்திலேயே மக்கல் வேகமாகப் பரவியிருந்தது. சுரண்டியபோது இன்னொரு தவறும் செய்திருந்தோம். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

அமெரிக்க வனத்துறையில் பணிபுரிந்த அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, 1970-களில் ஒன்றைத் தெளிவாக்கினார். நம் தோல் ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் ஒரு சுவர் எழுப்பி அதைத் தனியே அடைத்துவிடுகிறது. பிறகு வெளிப்பக்கம் புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. மக்கையைச் சுரண்டுகிறேன் என்று நல்ல கட்டை தெரியும்வரை செதுக்கினால் அந்தச் சுவரையே நாம் உடைக்கிறோம். நீர் வடிய வேண்டும் என்று பொந்தின் அடியில் துளை போடுவதும் அப்படியே.

வெட்டிய இடத்தில் தாரும் பெயிண்டும் பூசுவதால் மக்கல் நிற்பதில்லை. ஈரம் உள்ளே தங்குவதுதான் மிச்சம். புயலுக்குப் பயந்து மொத்தத் தலையையும் மொட்டையடித்தால் ஆங்காங்கே குச்சி குச்சியாகத் துளிர்க்கும். அவை வலுவில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கிளைகள், அடுத்த காற்றில் முதலில் ஒடிபவை. அடிபட்ட மரத்துக்கு யூரியா போடாதீர்கள்.

அப்புறம், நெருப்பு. தேனடை எடுக்கப் பொந்தில் தீ மூட்டுவது, அடியில் குப்பையைக் கொளுத்துவது, பக்தியோடு பொந்துக்குள் விளக்கு வைப்பது என எல்லாமே உள்ளிருந்து மரத்தைச் சாப்பிடும். விளக்கை நான்கடி தள்ளி ஒரு மாடத்தில் வைக்கச் சொல்லிப் பூசாரியிடம் பேசுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

செய்ய வேண்டியவை

மண்ணிலிருந்து தொடங்குங்கள். மரத்துக்கு உணவு தேடும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் இரண்டடிக்குள் இருக்கின்றன. கிளைப்பரப்பைத் தாண்டியும் ஓடும். அதன் மேலேதான் நாம் டைல்ஸ் பதிக்கிறோம், கான்கிரீட் மேடை கட்டுகிறோம், வண்டி நிறுத்துகிறோம். 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை எடுக்கச் சொன்னது. ஒரு மீட்டர் என்பது பெரிய ஆலுக்குப் போதாதுதான். இருந்தாலும் பஞ்சாயத்தில் பேசும்போது சொல்ல ஒரு முன்னுதாரணம் கிடைக்கும். கடப்பாரையால் கவனமாகப் பெயர்த்து எடுங்கள். பொக்லைன் வேண்டாம், வேர் அறுந்துவிடும்.

திறந்த மண்ணில் காய்ந்த இலைதழையை மூன்று நான்கு அங்குலம் மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் விட்டுப் போட வேண்டும். தண்டைச் சுற்றி மண் அணைப்பது நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அடிப்பட்டை அழுகிப்போகும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளைப்பரப்பின் விளிம்பில் மண் நன்றாக ஊறும்படி தண்ணீர் விடுங்கள். தினமும் தண்டடியில் ஒரு குடம் ஊற்றுவதால் பயனில்லை.

முறிந்த கிளையை எடுக்கும்போது மூன்று வெட்டு. கயிறும் பழக்கமும் உள்ள மரமேறி வைத்துச் செய்யுங்கள். புதியவர் ஏற வேண்டாம். ஆனால் எங்கே வெட்ட வேண்டும் என்று கீழே நின்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். முதல் வெட்டு, தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து. இப்போது பாரம் இறங்கிவிடும், பட்டை உரியாது. மிச்சமிருக்கும் முண்டைக் கடைசியாக எடுக்கும்போது, கிளை தண்டில் சேரும் இடத்தில் மோதிரம்போல் வீங்கிய மடிப்பைக் கவனியுங்கள். அதைத் தொடாமல், அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அடைக்கும் சுவரை மரம் எழுப்புவது அந்த மடிப்பில்தான். “அழகா வழிச்சு எடுத்துட்டேன்” என்று தண்டோடு ஒட்ட வெட்டிக் காட்டுவார்கள். அங்கேதான் மக்கல் ஆரம்பிக்கும். உயிருள்ள கிளைகளில் ஒரே வருஷத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கிழட்டு மரத்தில் அதைவிடவும் குறைவாக.

நீண்டு தொங்கும் பெரிய கிளைக்கு முட்டுக் கொடுக்கலாம். கல்தூணோ இரும்புத் தூணோ, கிளை உட்காரும் இடத்தில் பழைய டயர்த் துண்டை வைத்துவிடுங்கள். ஆலமரமாக இருந்தால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. தொங்கும் இளம் விழுதைப் பிளந்த மூங்கில் குழாய்க்குள்ளோ பிளாஸ்டிக் குழாய்க்குள்ளோ விட்டு, மண்ணும் தொழு எருவும் நிரப்பி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் அது நிலத்தைத் தொட்டுத் தூணாகிவிடும். தெலங்கானாவில் மகபூப்நகர் அருகே உள்ள பில்லலமர்ரி ஆலமரத்தைக் கரையான் அரித்தபோது, 2018-ல் மருத்துவமனைச் சொட்டு பாட்டில்கள் போலக் கட்டித்தொங்கவிட்டு மருந்து ஏற்றினார்கள். படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அதே மரத்துக்குக் குழாய் வழியே விழுதுகளை இறக்கியதும், கிளைகளுக்குத் தூண் கொடுத்ததும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. நம் ஊர் மரத்துக்கு நம்மால் செய்ய முடிந்தது அந்த இரண்டாவது வேலைதான்.

மரத்தில் அடித்த ஆணிகளில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடுங்கலாம். பட்டை மூடிக்கொண்டதைத் தோண்டாதீர்கள்.

விழுந்தே விட்டால்

வேரில் பாதிக்கு மேல் மண்ணோடு இருந்தால் ஆல், அரசு, அத்தி, பூவரசு போன்றவற்றைத் தூக்கி நிறுத்த முடியும். முதல் நாளே வேர்மேல் ஈரச்சாக்கைப் போர்த்துங்கள். நசுங்கிய வேரைச் சுத்தமாக வெட்டுங்கள். கிளைகளின் பாரத்தைக் குறைத்து, குழியை அகலமாக்கி, தண்டில் சாக்கு சுற்றி, அதன்மேல் அகலமான நாடா கட்டி கிரேனால் நிமிர்த்துங்கள். மூன்று பக்கம் முட்டுக் கொடுத்து இரண்டு வருஷம் விட்டுவையுங்கள். பெரிய புளியையும் தூங்குமூஞ்சியையும் இப்படி நிமிர்த்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இடம் இருந்தால் நிமிர்த்தவும் வேண்டாம். படுத்தபடியே, ஒரு பக்க வேர் மண்ணில் இருக்க, மேல்நோக்கிப் புதுத் தளிர்விட்டு வளரும் மரங்களைக் குளக்கரைகளில் பார்க்கலாம்.

யாரிடம் கேட்பது

மரம் நிற்கும் இடம் யாருடையது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் உறுதி செய்யுங்கள். சாலையோரம் நெடுஞ்சாலைத் துறை, கோயில் நிலம் அறநிலையத் துறை, ஏரிக்கரை நீர்வளத் துறை என்று மாறும். அரசு இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. ரம்பத்தோடு வந்தவரிடம் “அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்க” என்று அமைதியாகக் கேளுங்கள். மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் சொந்த நிலத்து மரங்களுக்கும் பொருந்தும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை பச்சைக்கிளியும் ஆந்தையும் பொந்துகளில் குஞ்சு பொரிக்கும் காலம். அவசரமில்லையென்றால் அதைக் கடத்திவிடுங்கள். அவசரமென்றால் பொந்தில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குஞ்சு இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அடியோடு எடுக்காமல் எட்டடி, பத்தடி உயரத் தண்டை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தலை இல்லாத தண்டின்மேல் காற்று அவ்வளவாக மோதாது. விழும் அபாயம் மிகவும் குறைந்துவிடும். பறவைக்கு வீடு மிஞ்சும். ஆலோ அரசோ என்றால் வெட்டிய கிளைகளிலிருந்து கைமணிக்கட்டுத் தடிமனில், ஆறடி நீளத்தில் ஐந்தாறு போத்துகளை, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டுகளை, அன்றே எடுத்து, நிழலில் ஈரச்சாக்கு சுற்றி வையுங்கள். மழை தொடங்கும்போது தாய்மரத்துக்குச் சற்றுத் தள்ளி இரண்டடி ஆழத்தில் நட்டு, மேல்முனையில் பசுஞ்சாணம் அப்பி, ஆட்டுக்கு எட்டாதபடி முள் கட்டுங்கள். எல்லாம் பிழைக்காது. ஒன்றிரண்டு துளிர்த்துவிட்டால் முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற யார் பொறுப்பு என்பதை நடும் அன்றே பேசிப் பெயரை எழுதிவையுங்கள்.